கண்டக்டர் பிடித்துவைத்த ஏரி

ஏரிக்கரைமேல் ரோடு போட்ட ஊர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அந்த ரோட்டில் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஒரு கைப்பக்கம் தண்ணீர் தெரியும், மறு கைப்பக்கம் ஊர் தெரியும், தண்ணீர் மேட்டில் இருக்கும், ஊர் பள்ளத்தில் இருக்கும், இரண்டுக்கும் நடுவே மண்ணும் மண்ணின்மேல் அவன் வண்டியும் இருக்கும். கொன்னைத்தாங்கல் அப்படி ஒரு ஊர். எத்திராஜ் என்கிற நான் அந்த ஊருக்கும் டவுனுக்கும் போய்வரும் தனியார் பஸ்ஸின் டிரைவர், அந்த ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருப்பவன். தணிகாசலம் என் கண்டக்டர். அவர் சொல்லுக்கு முட்டையும் மழையும் ஏரியும் நின்றதைப் பற்றி இப்போது பல ஊர்களில் பலவிதமாகப் பேசுகிறார்கள். அன்றைக்கு பஸ்ஸில் ஏறாதவர்கள்கூடப் பேசுகிறார்கள். பக்கத்தில் இருந்தவன் பேசாமல் இருப்பது நன்றிகெட்டதனம் என்று தோன்றுவதால் நானும் சொல்கிறேன்.

கண்டக்டர் "ரைட்" என்றால் வண்டி புறப்படும், "ஓல்டான்" என்றால் நிற்கும். அந்த ஓல்டான், 'ஹோல்டு ஆன்' என்கிற வெள்ளைக்காரனுடைய வினைச்சொல். கப்பலேறி வந்து, ரயிலேறி, பஸ்ஸேறி, தணிகாசலத்தின் வாய்க்கு வந்து சேர்ந்தபோது அது கோட்டைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் வினோதினி எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். ஒருநாள் பஸ்ஸில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

"எங்க அப்பாவுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் ரெண்டே வார்த்தை சித்தப்பா. வண்டியைக் கெளப்ப ஒண்ணு, நிறுத்த ஒண்ணு. அந்த நிறுத்தற வார்த்தை இருக்கே, அதுக்கு டிக்‌ஷனரியில பக்கம் பக்கமா அர்த்தம் போட்டிருக்கான். கையில புடிக்கறதும் அதுதான், கொழந்தையை ஏந்தறதும் அதுதான், பாரத்தைத் தாங்கறதும் அதுதான். மூச்சை அடக்கறது, காத்திருக்கச் சொல்றது, பாத்திரத்துல கொள்றது, கூட்டம் போடறது, மனசுல ஒரு எண்ணத்தை வெச்சுக்கறது, எல்லாமே அதுதான்."

"அவ்ளோ வேலையும் ஒரே ஆளு செய்யுதா? எங்க முதலாளிக்குத் தெரிஞ்சா விடமாட்டாரு" என்றார் தணிகாசலம்.

சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊரில் அந்தச் சொல் ஏற்கனவே பல வீடுகளில் நுழைந்து வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கறிக்கடைக்காரர் மகனின் பரீட்சை ரிசல்ட் ஹோல்டில் இருந்தது. கேஸ் ஆபீஸுக்குப் போன் செய்தால் ஹோல்டில் போட்டுப் பாட்டுக் கேட்க வைத்தார்கள். எக்ஸ்ரே எடுக்கும் நர்ஸ் மூச்சை ஹோல்டு பண்ணச் சொன்னாள். வார்டு மெம்பருக்குக் கட்சியில் நல்ல ஹோல்டு என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்குத் தெரியாமலேயே அது எங்களைப் பல இடத்தில் பிடித்திருந்தது.

அது உண்மையாகவே பிடித்தது ஒரு சித்திரை மாதத்துக் காலையில். முட்டை வியாபாரி உசேன் பாய் அட்டை அட்டையாக முட்டையைக் கட்டி பஸ் மேலே போட்டிருந்தார். கொன்னைத்தாங்கல் ஸ்டாப்பிங்கில் தணிகாசலம் படியில் தொங்கியபடி மேலே பார்த்து "ஓல்டான்!" என்று கத்தினார், நான் பிரேக்கை மிதித்தேன், கயிறு அறுந்தது, முட்டைகள் சரிந்தன. பஸ் நின்றது. முட்டைகளும் நின்றன. தரைக்கும் டாப்புக்கும் நடுவே, கொடியில் காயப்போட்ட மாதிரி, காலை வெயிலில் வெள்ளை வெள்ளையாக நின்றன.

இறங்க வேண்டியவர்கள் குனிந்து அவற்றின் கீழாக இறங்கிப் போனார்கள். ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். பாய் ஒரு கூடையை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காற்றிலிருந்து பறித்துப் போட்டார்.

"கத்திரிக்காய் பறிக்கற மாதிரி பறிக்கறியே பாய், காம்பைப் பாத்து" என்றது ஜன்னல் ஓரத்துக் குரல் ஒன்று.

"சீக்கிரம் பாய், டைம் ஆவுதுல்ல" என்றார் தணிகாசலம். அவர் வாயைத் திறந்த அந்த நொடியே மிச்சமிருந்த முட்டைகள் பொத்பொத்தென்று விழுந்து உடைந்தன.

பாய் உடைந்ததையும் பார்த்தார், கூடையில் இருந்ததையும் பார்த்தார். "உங்க வாய்தான் கண்டக்டரே. அதுதான் புடிச்சுது, அதுதான் விட்டுது" என்றார். அதற்குமேல் ஊரில் யாரும் காரணம் தேடவில்லை. அவர் எதைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அது நிற்கும், அடுத்த வார்த்தை பேசும்வரை நிற்கும், அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு ஊர் அதை எடுத்துப் புழங்கத் தொடங்கியது, புதிதாக வந்த கிரைண்டரை எடுத்துப் புழங்குவது போல. களத்தில் நெல் காயும்போது மேகம் கறுத்தால் விவசாயி கன்னியப்பன் ஓடி வருவார், தணிகாசலம் வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் கொடுப்பார், மழை பனைமர உயரத்தில் அப்படியே கம்பி கம்பியாகத் தொங்கும், கன்னியப்பன் குடும்பம் நெல்லை வாரி மூட்டை கட்டும். முருங்கை மரத்திலிருந்து விழுந்த பிள்ளை பாதி வழியில் நின்றது, தாய் போய் ஏந்திக்கொண்டாள். கல்யாண வீட்டில் அடிதடி வந்து ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது, அந்த நேரத்தில் கைக்குரியவனுக்கு வெட்கம் வந்து, கை விடுபட்டபோது தலையைச் சொறிந்துகொண்டது. போட்டோக்காரர் வந்து கைக்குழந்தையின் சிரிப்பைக் கொஞ்சம் பிடித்துத் தரச் சொன்னார். எங்கள் ஊருக்கு வெளியிலிருந்தும் ஒருவர் காரில் வந்து, கோர்ட்டில் நடக்கும் ஒரு கேஸை நிறுத்த முடியுமா என்று கேட்டார்.

"கண்ணால பாக்கணும் சார். கேஸைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார் தணிகாசலம்.

ஒன்றைப் பிடித்திருக்கும் வரையில் அவர் பேச முடியாது என்பதால் ஊர் ஒரு மரியாதையைத் தானே உண்டாக்கிக்கொண்டது. டிக்கெட் பை வலது தோளில் தொங்கினால் அவரோடு பேசலாம். இடது தோளுக்கு மாறியிருந்தால் எங்கேயோ யாருடைய பாலோ பொங்காமல் நிற்கிறது என்று அர்த்தம், வாயைக் கிளறக் கூடாது. அப்போது ஸ்டாப்பிங் பெயர்களைப் பயணிகளே கூவிக்கொண்டார்கள். புதிதாக ஏறியவர் "கண்டக்டர், இந்த வண்டி ஆரணி போவுமா?" என்று கேட்டால் பஸ்ஸே சேர்ந்து "போவும்" என்றது. விசில் மட்டும் அவர் ஊதினார். மாலையில் அவர் மனைவி கஸ்தூரி வாசலில் நின்று என்னைக் கேட்பாள்: "பேசற ஆளை அனுப்பறேன், ஊமையைக் கொண்டாந்து விடறீங்களே, இன்னிக்கு யாரு வூட்டுது?"

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை பிறந்தும் விடவில்லை. எங்கள் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகும் கலிங்கல் வழிந்து, கரை ஊறி, ஒருநாள் காலை டிரிப்பில் நாங்கள் கரைமேல் வந்துகொண்டிருந்தபோது மதகுக்குப் பக்கத்தில் மண் சரிந்து தண்ணீர் ஊர்ப்பக்கம் தலையை நீட்டியது. அந்த இடத்துக்கு நேர் கீழே கன்னியப்பனின் நிலம், அதற்குக் கீழே தெருக்கள், தெருக்களில் அடுப்பு மூட்டிய புகை. நான் வண்டியை நிறுத்துவதற்குள் தணிகாசலம் குதித்துவிட்டார். அந்தச் சொல்லை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கத்தல் இல்லை அது. விழப்போகும் பிள்ளையின் பெயரைச் சொல்வது போல, மெதுவாக, முழு ஏரியையும் ஒரு தடவை கண்ணால் வாரிக்கொண்டு சொன்னார்.

ஏரி நின்றது. உடைப்பில் எட்டிப் பார்த்த தண்ணீர் கண்ணாடிப் பாறை மாதிரி நின்றது, அதற்குள் ஒரு கெளுத்தி மீன் மீசையை விரித்தபடி நின்றது, மேலே அலைகள் எழுந்த எழுந்தபடியே நின்றன, மீன்கொத்தி ஒன்று பாய்ந்து அலகில் அடிபட்டு மரத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது. தணிகாசலம் பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். விசில் ஊதினார்.

பொதுப்பணித்துறையிலிருந்து இன்ஜினியர் வந்தார். நின்ற தண்ணீரைத் தட்டிப் பார்த்தார். அது வடியவும் வடியாது, காயவும் காயாது, உடைப்பை அதுவே அடைத்துக்கொண்டிருப்பதால் மூட்டை அடுக்கவும் வழியில்லை என்றார். வெளிப்பக்கம் மண் கொட்டினார்கள், பெய்த மழையில் அது கஞ்சியாகிக் கரைந்தது. "வெயில் வந்து மண்ணு காயணும். சித்திரையில பார்ப்போம்" என்றார் அவர்.

"எந்த வருசத்துச் சித்திரை சார்?" என்று கேட்டார் கன்னியப்பன்.

இன்ஜினியர் குடையை விரித்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. அதுவரை தணிகாசலம் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் இரண்டு பக்கமும் ஆடுகிறது. ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது, அதில் பொய் ஒன்றும் இல்லை. முதல் கறவைப் பால் அவர் வீட்டுக்குப் போனது, வலையில் விழுந்த பெரிய விரால் அவர் வீட்டுக்குப் போனது, மாரியம்மன் கோயிலில் முதல் மரியாதை அவருக்குப் போனது, பஸ் ஸ்டாண்டில் அவர் படம் போட்ட பேனர் நின்றது. ஆனால் அதே ஊர் ஏரிமேல் கிரிக்கெட்டும் ஆடியது. அலை மேட்டில் பந்து பட்டுத் திரும்பினால் "ஏரி ஸ்பின்னுடா" என்று கத்தியது. எருமைகள் நடு ஏரியில் நின்று கீழே தெரியும் பாசியை நக்கிப் பார்த்தன. எதிர்க்கரைக்கு மொபெட்டில் குறுக்குவழி விழுந்துவிட்டது, என் பஸ்ஸில் கூட்டம் குறைந்தது. நாங்கள் நன்றி சொன்னது அவருக்கா, அவருடைய மௌனத்துக்கா? விரால் குழம்பை வாசலில் வைத்துவிட்டு "வாயைத் தொறந்துடாதீங்க கண்டக்டரே" என்று கும்பிட்டுவிட்டுப் போனவர்களில் நானும்தான் இருந்தேன். நன்றியும் ஒரு வகைப் பூட்டாக இருக்க முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் தூக்கத்தில் உளறிவிடக் கூடாதே என்று துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு படுப்பதாகக் கஸ்தூரி சொன்னபோது நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த நேரத்தில்தான் வினோதினிக்கு இடம் வந்தது. பையன் முரளிதரன், ராணுவத்தில் இருப்பவன், லீவில் வரும்போதெல்லாம் எங்கள் பஸ்ஸில் போய்வருகிறவன். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் பிடித்திருந்தது. மார்கழியில் நல்ல காரியம் கிடையாது, தையில் அவன் எல்லையில் இருப்பான், ஆகவே கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் நிச்சயம் செய்வதென்று பேச்சு. பேச வந்தவள் அவனுடைய அத்தை பட்டம்மாள், அவனை வளர்த்தவள். ஏரிமேல் நடந்து வந்து, காலை உதறிக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்தாள்.

எங்கள் பக்கத்தில் நிச்சயம் என்றால் எழுத்து கிடையாது, மோதிரம் கிடையாது. தாம்பூலத் தட்டைக் கையில் ஏந்தி, பெண்ணைப் பெற்றவர் சபை கேட்க மூன்று முறை, "பொண்ணு உங்களுக்கு, பாக்கு எங்களுக்கு" என்று வாயால் சொல்ல வேண்டும். அது சொன்னால்தான் ஆயிற்று. தகப்பன் இல்லாத பெண்ணுக்குத்தான் தாய்மாமன் சொல்வது.

"தலையை ஆட்டட்டுமே அத்தை" என்றேன் நான்.

"மாடு வாங்கவா வந்திருக்கேன், தலையை ஆட்டறதுக்கு?"

"அப்போ அவரு மச்சான் சொல்லட்டும்."

"அப்பன் குத்துக்கல்லா உக்காந்திருக்கும்போது மாமன் சொன்னா இன்னா அர்த்தம் தெரியுமா எத்திராஜு? அவரு வாய்க்குப் பால் ஊத்தினதுக்குச் சமம். என் வூட்டுப் பையன் அப்படி ஒரு வாசல்ல தாம்பூலம் வாங்க மாட்டான்."

யாரோ ஒருவர், அவருடைய பழைய குரல் போனில் பதிவாகி இருக்கும், தேடிப் பார்க்கலாம் என்றார். பட்டம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவள் கெட்டவள் இல்லை. போகும்போது தணிகாசலத்தின் முன்னால் நின்று, "அண்ணா, எங்க ஊரும் இந்தத் தண்ணிக்குக் கீழதான் இருந்திருந்தா நானும் உங்க கால்லதான் வுழுந்திருப்பேன். ஆனா மொறை மொறைதானே?" என்றாள். அவர் கைகூப்பினார்.

அன்று மாலையே பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும்தான் எங்கள் ஊரில் மேட்டில், பாறைமேல் இருக்கிறது. கொஞ்ச நேரம் எல்லோரும் மழையைப் பற்றியே பேசினார்கள். பிறகு உசேன் பாய் எழுந்தார்.

"என் வூடுதான் இருக்கறதுலயே பள்ளம். தண்ணி வந்தா மொதல் சலாம் எனக்குத்தான். வரட்டும்பா. தட்டுமுட்டைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடுவோம். தண்ணி ஆத்துக்குப் போற வழி, நம்ம தெருவுல ரெண்டு நாள் தங்கிட்டுப் போவும். சேறுன்னா கழுவிக்கலாம். அந்த மனுசன் பேச்சைத் தொலைச்சுட்டா எங்க போய்க் கழுவறது?"

"பாய்க்கு இன்னா, கோழியைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு வந்துடுவாரு" என்றார் கன்னியப்பன். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "நான் நெலத்தைத் தூக்கிக்கிட்டு வர முடியுமா? பயிரு பால் புடிக்கற நேரம். ஒடைப்பு நேரா என் நெஞ்சு மேலதான் எறங்கும்."

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். வினோதினி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள்.

"யாரும் எங்கேயும் போவ வேணாம். அப்பா குரல் இல்லாம நடக்கற நிச்சயம் எனக்கு வேணாம், ஊரு முழுகி நடக்கறதும் வேணாம். அவங்க வேற எடம் பாத்துக்கட்டும்னு நானே சொல்லிடறேன். கன்னியப்பன் பெரியப்பா, நீங்க நிம்மதியா தூங்குங்க."

டீச்சர் என்பதால் வகுப்பில் பேசுவது போலவே நேராக நின்று பேசினாள். தணிகாசலம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார், பொத்திய கைமேல் இன்னொரு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். கூட்டம் ஒன்றும் முடிவாகாமல் கலைந்தது.

மறுநாள் காலை நான் முதல் டிரிப் எடுத்துக்கொண்டு கரைமேல் வந்தபோது கன்னியப்பன் நிலத்தில் குனிந்திருந்தார். களை எடுக்கிறார் என்று நினைத்தேன். வண்டியை நிறுத்திப் பார்த்தால், பால் பிடித்துக்கொண்டிருந்த பச்சைப் பயிரை அறுத்துக் கட்டுக்கட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி கட்டுகளை வரப்பில் அடுக்கினாள்.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

"பச்சையா அறுத்தா மாடாவது துன்னும்" என்றார் நிமிராமல். "நீ போ. வண்டியைக் காலி பண்ணி வை. சாமான் ஏத்தணும்ல?"

பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. அரிவாள் இருந்தவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார்கள், இல்லாதவர்கள் கட்டுச் சுமந்தார்கள்.

பிறகு ஊர் மேடேறத் தொடங்கியது. அரிசி மூட்டை ஏறியது, கட்டில் ஏறியது, டிவியும் ஃபிரிட்ஜும் கயிற்றுக் கட்டோடு ஏறின, ஆடுகள் படியில் நின்று பயணம் செய்தன, உசேன் பாயின் கோழிகள் சீட்டில் உட்கார்ந்து வந்தன, பிள்ளைத்தாய்ச்சிகள் முன்சீட்டில் வந்தார்கள், பள்ளிவாசலின் தொழுகைப் பாய்களும் மாரியம்மன் உற்சவ மூர்த்தியும் ஒரே டிரிப்பில் வந்து இறங்கின, யாரோ அம்மனுக்கு வெயில் படாமல் குடை பிடித்தார்கள், வெயிலா என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது மழை விட்டிருந்தது. ரைட் சொல்ல ஆள் இல்லாமல், நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாமல், விசில் சத்தத்தில் ஒரு முழு ஊரையும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுச் சாமானை ஏற்றும்போது சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வருத்தத்துக்குக் கீழே, எத்தனையோ வருஷமாக நான் தேடாமல் விட்டிருந்த ஒன்று, இந்த ஊரில் பிறந்ததற்கான ஒரு நன்றி, ஊற்று மாதிரி கசிந்துகொண்டிருந்தது.

முகூர்த்தத்துக்குப் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் இடம் போதாமல் சனம் வராந்தாவிலும் மைதானத்திலும் மூட்டை முடிச்சுகளின் மேலும் உட்கார்ந்திருந்தது. ஊரில் ஒரு உயிர் இல்லை என்று இளவட்டங்கள் தெருத்தெருவாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். முரளிதரன் வேட்டி சட்டையில் ராணுவ விறைப்போடு நின்றான். பட்டம்மாள் தட்டோடு நின்று, முறைப்படி "பாக்கு உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்று கேட்டாள். தணிகாசலம் தட்டைக் கையில் வாங்கினார்.

அவர் நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாகக் கீழே ஊர் தெரிந்தது. கதவு திறந்த வீடுகள், புகையில்லாத கூரைகள், மொட்டையாக நின்ற கன்னியப்பனின் நிலம், அதற்கு மேலே வெயிலில் மின்னிக்கொண்டிருந்த நின்ற ஏரி. பார்த்தார். தலையை இடவலமாக ஆட்டினார். தட்டைத் திருப்பி நீட்டினார்.

கஸ்தூரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். வினோதினி அவர் பக்கத்தில் போய் அந்தத் தட்டின் அடியில் தன் கையையும் கொடுத்துத் தாங்கினாள். "உங்க இஷ்டம்தான் அப்பா" என்றாள். "சொல்லலைன்னாலும் நீங்க குடுத்த மாதிரிதான்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கன்னியப்பனின் குரல் வந்தது. அறுவடைக்காரனின் குரல், வரப்பு தாண்டிக் கேட்கிற குரல்.

"யோவ் கண்டக்டரு! இன்னாய்யா, ஊரு மொத்தமும் எறங்கிப் பாதையைக் காலி பண்ணிட்டு நிக்கறோம், நீ இன்னும் படியிலயே தொங்கிக்கிட்டிருக்கியே! பயிரை அறுத்துட்டு வந்திருக்கேன்யா. சொல்லு!"

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். "சொல்லுங்க கண்டக்டரே" என்றாள் முருங்கை மரத்துப் பிள்ளையின் தாய். "சொல்லுங்க" என்றது வராந்தா. "சொல்லுங்க" என்றது மைதானம்.

தணிகாசலம் மகளைப் பார்த்தார். உதடுகள் ஒட்டிப்போயிருந்தன, பிரிவதற்கே நேரமாயிற்று. சடங்குச் சொல் வரவில்லை முதலில்.

"வினோ" என்றார்.

துருப்பிடித்த கதவு திறக்கும் குரல். கீழே, தூரத்தில், ஏதோ புரண்டு படுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு அது வளர்ந்தது. "பொண்ணு உங்களுக்கு, பாக்கு எங்களுக்கு" என்றார் அவர், தண்ணீர் கன்னியப்பனின் வெட்டவெளியில் இறங்கியது; "பொண்ணு உங்களுக்கு, பாக்கு எங்களுக்கு" என்றார், தண்ணீர் கோயில் தெருவில் திரும்பியது; "பொண்ணு உங்களுக்கு" என்று மூன்றாவது முறை தொடங்கும்போது குரல் தழுதழுத்து நின்று, ஒரு மூச்சு எடுத்து, "பாக்கு எங்களுக்கு" என்று முடிந்தபோது, அது உசேன் பாயின் வாசலுக்கும் என் வாசலுக்கும் வந்திருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன, மொத்தச் சனமும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த மனிதரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் எங்கள் தெருக்களில் தங்கிவிட்டு ஆற்றுக்குப் போனது. இடுப்பளவு சேறு வைத்துவிட்டுப் போனது, சில சுவர்களைக் கூட்டிக்கொண்டும் போனது. கன்னியப்பனின் நிலத்தில் மணல் ஏறியது, இன்னமும் நாங்கள் முறைபோட்டு அள்ளிக்கொண்டிருக்கிறோம். அதன்பிறகு தணிகாசலத்தின் சொல் பஸ்ஸை மட்டும் நிறுத்தியதா, வேறு எதையும் நிறுத்தியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாரும் அவரைக் கேட்டதில்லை. மழை வந்தால் நெல்லை நாங்களே ஓடி வாரிக்கொள்கிறோம்.

ஆனால் அன்றைக்கு, தட்டு கைமாறிய பிறகு, பட்டம்மாள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா கேட்டுச்சுண்ணா. கணீர்னு கேட்டுச்சு" என்றாள்.

"அது சடங்குக்குச் சொன்னது. வேற எதுனா பேசுங்க கண்டக்டரே" என்றார் உசேன் பாய். "சும்மா எதுனா."

எல்லோரும் காத்திருந்தார்கள். எதைப் பேசுவது என்று அவர் யோசித்தார். முரளிதரனைப் பார்த்தார், கஸ்தூரியைப் பார்த்தார், தலைகளுக்கு மேலாகத் தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

"எத்திராஜு" என்றார், "பசிக்குதுடா."

அவ்வளவுதான். வீடு போன அத்தனை சனமும் இலை எடுக்க ஓடியது.